களவுபோன என் கருவாட்டுப் பக்கம்

சபையாரே, சகோதரிகளே, என் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. அடங்கின பிறகு எழுதலாம் என்று மாதக்கணக்கில் பொறுத்துப் பார்த்தேன். அடங்குகிற மாதிரித் தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். ஆண்டவருக்கு என்னைத் தெரியும்.

இந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, வழக்கம்போல ஆர்டர் பார்க்கப் போனை எடுத்தேன். என் கடை திறக்கவில்லை. கடை என்றால் ஷட்டர் போட்ட கடை இல்லை. சோஷியல் மீடியாவில் நான் வைத்திருக்கிற பக்கம்தான் என் கடை. பேர் 'வயலட் அக்கா கருவாடு'. பாஸ்வேர்ட் தப்பு என்று வந்தது. திரும்பப் போட்டேன், தப்பு. நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன், அப்போதும் தப்பு. என் வீட்டுக்காரர் போனில் பார்த்தால் பக்கம் அப்படியே இருக்கிறது. என் பேர், என் போட்டோ, நான் எழுதின வரிகள், எல்லாம் இருக்கிறது. கீழே போன் நம்பர் மட்டும் வேறே யாருடையதோ. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

நான் நாசரேத்தில் பிறந்தவள். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். கல்யாணமாகித் தூத்துக்குடி முத்தையாபுரம் வந்தேன். வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு முதுகில் ஜவ்வு விலகிவிட்டது. இனி வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டும் பெண் பிள்ளைகள், இரண்டு பேரும் படிக்கிறார்கள். என்ன செய்வது என்று ஜெபித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆலந்தலைக் கடற்கரை ரெஜினா அக்கா நினைவுக்கு வந்தார்கள். நாங்கள் வீட்டுக்கு வாங்குகிற கருவாடு அவர்களிடம்தான். மீனை இரண்டு தண்ணீரில் கழுவி, மணலில் போடாமல், இடுப்பு உயரத்தில் கம்பு நட்டு வலை கட்டி அதன்மேல் காயப்போடுவார்கள். அதனால் பல்லில் மண் கடிபடாது. இந்தக் கருவாட்டைத் தூத்துக்குடியை விட்டு வெளியே இருக்கிறவர்களுக்கு அனுப்பினால் என்ன என்று தோன்றியது.

சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். "வாத்தியார் மக கருவாடு விக்குதாளாமே" என்று மில்லர்புரத்தில் இருக்கிற என் சின்ன அத்தை ஒரு கல்யாண வீட்டில் நான் கேட்கும்படியாகவே சொன்னார்கள். சொல்லட்டும். என் பிள்ளைகளுக்கு அவர்கள் சோறு போடவில்லை.

பக்கத்தை நானே உட்கார்ந்து ஆரம்பித்தேன். மூத்தவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகத் தட்டினேன். பாஸ்வேர்ட் கேட்டது. யாருக்கும் தெரியாத, ஆனால் நீங்கள் மறக்காத ஒன்றைப் போடுங்கள் என்று இருந்தது. மறக்காதது என்று வந்ததும் எனக்கு வேறு யோசனையே வரவில்லை. அந்த வருஷப் புத்தாண்டு ஆராதனையில், வருஷம் முழுவதற்கும் ஆண்டவர் தருகிற வாக்கு என்று ஆளுக்கொன்றாகத் தட்டிலிருந்து எடுப்போமே, அந்த வாக்குத்தத்த அட்டையில் எனக்கு வந்த வசனம் எதுவோ, அதன் அதிகாரத்தையும் எண்ணையும் போட்டேன். என் தொழிலே அந்த வசனத்தின் மேல்தான் நிற்கிறது என்று அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

அந்த வசனம் சபையில் யாருக்குத்தான் தெரியாது? வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் சாட்சி சொல்ல எழுந்தாலே, அதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். கண்ணாடி போட்டு வாசலுக்கு நேராக மாட்டியிருக்கிறேன். பார்சல் பெட்டிமேலும் ஒட்டுவேன். போனுக்கு ரகசிய எண் வந்து அதையும் போட்டால்தான் திறக்கும்படி ஒரு பூட்டு உண்டாம். தினமும் யார் அதைத் தட்டிக்கொண்டிருப்பது என்று அதையும் நிறுத்தி வைத்திருந்தேன். பக்கத்தைத் திறக்கப் பாஸ்வேர்டோடு போட வேண்டிய என் போன் நம்பரோ பக்கத்திலேயே பெரிசாக எழுதியிருக்கிறது. ஊருக்கெல்லாம் சாவியைக் காட்டிவிட்டு, கதவைச் சாத்திவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தவள் நான். என் மேலும் எனக்குக் கோபம்தான்.

அந்தப் புது நம்பருக்கு வீட்டுக்காரர் போனிலிருந்து அடித்தேன். நாலாவது மணியில் எடுத்தார்கள். ஹலோ என்று சொல்லவில்லை. "ஸ்தோத்...திரம்" என்று இழுத்து ஒரு குரல் வந்தது.  பதினோரு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டு ஜெபத்தைத் தொடங்கி வைக்கிற குரல் அது. எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து, எங்கள் வீட்டு டீயைக் குடித்து, என் வீட்டுக்காரர் முதுகில் கைவைத்து ஜெபித்த சகோதரர். பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். பேர் எழுதமாட்டேன். அவருக்கே தெரியும்.

நான் போனை வைத்துவிட்டேன். பிறகு அழுதேன்.

தடைக்காலம் என்றால் எங்களுக்கு என்ன என்று கடற்கரையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். விசைப்படகு கடலுக்குப் போகாது. நல்ல மீன் கிடைக்காது. கிடைக்கிறதும் வாங்குகிற விலையில் இருக்காது. வருஷத்திலேயே கருவாடு நன்றாக ஓடுவது அப்போதுதான். அதை நம்பி ரெஜினா அக்கா மாசி மாதத்திலிருந்தே நெத்திலியும் சீலாவும் காயப்போட்டுப் பெட்டி பெட்டியாக வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டு முன்னறையில் நடக்க இடமில்லை. சரக்கு இங்கே இருக்கிறது, கேட்கிறவர்களெல்லாம் அங்கே போகிறார்கள். பக்கத்துக்கு வந்த மெசேஜில்தான் எல்லாருடைய விலாசமும் இருந்தது. ஒன்றும் என் கையில் இல்லை.

அதுகூடப் பரவாயில்லை. அந்தச் சகோதரர் என்ன அனுப்பினார் தெரியுமா? மொத்தக் கடையில் மூட்டையாகக் கிடக்கிற, மணலில் காய்ந்த, புழு தட்டின கருவாடு. என் பேரைப் போட்டு அனுப்பினார். நாலு நாளில் பக்கத்தின் கீழே ஒவ்வொருவராக எழுத ஆரம்பித்தார்கள். "வயலட் அக்காவும் இப்படி ஆயிட்டாங்களே." "மண்ணைத் தின்னவா காசு குடுத்தோம்?" திண்டுக்கல்லில் ஒரு பெண், "சாமி பேரச் சொல்லி ஏமாத்துறாங்க" என்று எழுதியிருந்தாள். அதை வாசித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கம் போனால் இன்னொரு பக்கம். போன பேருக்கு நான் எங்கே போவேன்?

அந்தச் சோஷியல் மீடியாக் கம்பெனிக்கு எழுதினேன். அங்கே மனுஷர் யாரும் இருக்கிறார்களா என்றே தெரியவில்லை. நீங்கள்தான் வயலட் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டு ஒரு பதில். ஆதார் அட்டையை அனுப்பினேன். அட்டையில் இருக்கிற பேரும் பக்கத்தின் பேரும் ஒன்றாக இல்லையாம். அட்டையில் 'அக்கா கருவாடு' என்று எந்த ஊரிலாவது போடுவார்களா?

போதகர் ஐயாவிடம் போனேன். அவர் நல்ல மனிதர், இல்லை என்று சொல்லமாட்டேன். தலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கேட்டுவிட்டு, "அம்மா, போலீஸ் அது இதுன்னு போயிறாதீங்க. சபைக்குள்ள பேசித் தீர்த்துக்கிடலாம். வெளிய தெரிஞ்சா நம்ம சாட்சி என்னத்துக்கு ஆகும்?" என்றார்.

"களவாண்டவருக்கு அந்தக் கவலை இல்லையே ஐயா. எனக்கு மட்டும் எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஒரு வாரம் பொறுங்க. நான் பேசுதேன்."

ஒரு வாரம் பொறுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சகோதரர்தான் காணிக்கைத் தட்டைப் பிடித்துக்கொண்டு என் வரிசைக்கு வந்தார். என் கண்ணைப் பார்த்து, "எக்கா, சொகமா?" என்று கேட்டார். நான் தட்டில் எதையும் போடவில்லை. தட்டை அடுத்தவருக்குத் தள்ளிவிட்டேன். பெண்கள் சங்கத்தில் ஒரு அம்மாள், விசுவாசியாக இருந்துகொண்டு இப்படி மனசில் வைத்துக்கொள்ளலாமா என்று எனக்குப் புத்தி சொன்னார்கள். எனக்குத்தான் புத்தி சொன்னார்கள். அவருக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

ரெஜினா அக்கா வந்து பெட்டிகளைப் பார்த்தார்கள். அவர்கள் கத்தோலிக்கர். "எங்க கோயில்ல, காணாமப் போனதத் தேடித் தார புனிதர் ஒருத்தர் இருக்காரு. அவருக்கு நேந்திருக்கேன், வயலட்டு" என்றார்கள்.

"இது காணாமப் போகலக்கா. எங்கன இருக்குன்னு எனக்கு நல்லாத் தெரியும்" என்றேன்.

"அப்ப நீ ஒஞ் சாமிகிட்டக் கேளு. நீ கேக்குற மாதிரியே தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சுருக்கென்றது. உண்மையும் அதுதான். அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் ஜெபிக்கவே இல்லை. முழங்கால் போடுவேன். வாய் திறக்காது. அந்தச் சகோதரர் ஸ்தோத்திரம் சொல்கிற அதே ஆண்டவரிடம் நானும் எப்படிச் சொல்வது என்று ஒரு வெறுப்பு.

பன்னிரண்டாம் நாள், வெயில் கொளுத்துகிற மத்தியானம். கரண்ட் இல்லை. பிள்ளைகள் வெளியே போயிருந்தார்கள். வீட்டுக்காரர் முதுகுவலியில் புரண்டு புரண்டு தூங்கிக்கொண்டிருந்தார். முன்னறையில் கருவாட்டுப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாய்விட்டுக் கத்தினேன். "ஆண்டவரே, நீர் குடுத்த வசனத்தை வச்சே என் வீட்டைத் திறந்துட்டான். நீர் பாத்துக்கிட்டுதானே இருந்தீர்? எனக்கு இந்தப் பக்கம்கூட வேண்டாம். என் பேரைத் திருப்பித் தாரும். நான் மண்ணை வித்தவ இல்லைன்னு அந்த ஜனங்களுக்குத் தெரியணும். என்னால அவங்ககிட்டப் போக முடியல. நீரே வழி காட்டும். காட்டாட்டி நான் உம்மகிட்ட வேற ஒண்ணும் கேக்கமாட்டேன்." இப்படித்தான் ஜெபித்தேன். மரியாதை இல்லாத ஜெபம்தான். ஆனால் பன்னிரண்டு நாளில் அதுதான் என் முதல் ஜெபம்.

கத்தி முடித்ததும் ஒரு வெட்கம் வந்தது. இவ்வளவு நாள் மற்றவர்களுக்காகவும் ஜெபிக்காமல் விட்டுவிட்டோமே என்று ஜெப நோட்டை எடுத்தேன். ஆர்டர் போடுகிறவர்கள் சில பேர் கூடவே ஏதாவது சொல்வார்கள். மகளுக்கு வரன் அமையவில்லை, மாமியாருக்கு ஆபரேஷன், பையனுக்கு வேலை கிடைக்கவில்லை என்று. கருவாடு வாங்க வந்து கஷ்டத்தையும் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் பேரை ஒரு நோட்டில் எழுதி ஜெபிப்பேன். பத்து நாள் கழித்து இப்போது எப்படி இருக்கிறது என்று போன் பண்ணிக் கேட்பதற்காக, பேருக்குப் பக்கத்திலேயே நம்பரையும் எழுதி வைப்பது என் வழக்கம்.

நோட்டைத் திறந்தேன். முதல் பேரைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த நம்பரைப் பார்த்தேன். 

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லார் நம்பரும் என் கையெழுத்தில். பன்னிரண்டு நாளாக அலமாரியில், கை எட்டுகிற தூரத்தில் இருந்திருக்கிறது. நான்தான் ஜெபிக்கமாட்டேன் என்று வீம்பு பிடித்து மூடி வைத்திருந்தேன். அன்றைக்கு அந்த ஜெபத்தைச் செய்யாதிருந்தால் இன்னும் எத்தனை நாள் மூடியே வைத்திருப்பேனோ. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே அழுதேன். என் சத்தத்தில் வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

"ஏளா, என்ன ஆச்சு? ஏன் அழுத?"

"வழி கெடச்சிட்டு" என்றேன்.

முதல் போன் சண்முகத்தாய் அம்மாளுக்கு. ஏரலுக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை ஊர். நெல் விவசாயம். அவர்கள் கும்பிடுகிற சாமி வேறு. மகளுக்குத் தலைப்பிரசவம் என்று பயந்துகொண்டு ஜெபிக்கச் சொன்னவர்கள். என் குரலைக் கேட்டதும் பொரிந்து தள்ளிவிட்டார்கள்.

"ஏ யம்மா, நீயா இப்படிச் செஞ்ச? போன வாரம் வந்த கருவாடு பூரா மண்ணு. குப்பையிலதான் கொட்டுனேன். ஒங்கிட்டக் கேக்கவும் மனசு வரல. எம் மகளுக்கு வலி எடுத்த அன்னைக்கு மூணு தடவ போன் பண்ணிக் கேட்டவ இப்படிச் செய்வாளான்னு ராவும் பகலும் ரோசன."

"அம்மா, அத நான் அனுப்பல" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

கடைசிவரை கேட்டார்கள். பிறகு, "நீ போன வையி. என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்" என்றார்கள்.

அரை மணி நேரத்தில் அவர்கள் மகள் பக்கத்தின் கீழே எழுதிவிட்டாள். 'இந்தப் பக்கத்தை யாரோ களவாடியிருக்கிறார்கள். இது வயலட் அக்கா அனுப்புகிற கருவாடு இல்லை. என் பிரசவத்துக்காக ஜெபித்தவர் மண்ணை அனுப்பமாட்டார். யாரும் இதில் ஆர்டர் போடாதீர்கள். அவருடைய சரியான நம்பர் இதுதான்.' கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு போட்டோவும் போட்டிருந்தாள்.

நான் ஒவ்வொரு பேராகப் போன் பண்ணிக்கொண்டே போனேன். சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது. அதற்குப் பிறகு வீட்டுக்காரர் பேசினார். ஒவ்வொருவரும் போய் எழுதினார்கள். அந்தச் சகோதரர் ஒன்றை அழித்தால் மூன்று வந்தது. ஒருத்தரைத் தடுத்தால் அவர் தங்கச்சி வந்து எழுதினாள். வேலை கிடைத்த பையனின் அம்மா எழுதினார்கள். ஆபரேஷன் முடிந்து வந்த மாமியாரே எழுதினார்கள். அவர்களில் பாதிப்பேர் நம் ஆலயத்துக்குள் கால் வைத்திராதவர்கள். எனக்காக எழுந்து நின்றார்கள். என் சபை என்னை உட்காரச் சொன்னது. இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கன்னம் சுடுகிறது.

மூன்றாம் நாள் போதகர் ஐயாவுக்குப் போன் பண்ணினேன். "ஞாயித்துக்கெழமைக்குள்ள பக்கம் வரலன்னா, திங்கக்கெழமை காலையில நான் ஸ்டேஷன்ல நிப்பேன் ஐயா. சாட்சி கெட்டா கெடட்டும். அது நான் கெடுத்தது இல்ல."

சனிக்கிழமை காலையில் வந்தார்கள். போதகர் ஐயாவும், பின்னால் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அந்தச் சகோதரரும். சகோதரர் என் போனை வாங்கி, பக்கத்தைத் திறந்து கொடுத்தார். கண்ணைப் பார்க்கவில்லை.

"எக்கா, ஒங்க வசனத்தச் சும்மா போட்டுப் பாத்தேன், தெறந்துட்டு. கடையில யாவாரமும் இல்ல. ஆண்டவர்தான் எனக்கு ஒரு வாசலத் தெறந்தாருன்னு நெனச்சிட்டேன்."

"ஆண்டவரு தெறக்கல. என் பாஸ்வேர்டு தெறந்துச்சு. அவர் பேர இதுல இழுக்காதீங்க" என்றேன். "கஷ்டம்னா எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லா? எங்க வீட்டுப் பாயில உக்காந்து ஊர் கஷ்டத்துக்கெல்லாம் ஜெபிச்சீங்க. ஒங்க கஷ்டத்த ஒரு நாள் சொல்லிருக்கலாம்லா?"

அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. மன்னித்தேன் என்று வாயால் சொன்னேன். மனசு இன்னும் சொல்லவில்லை. அதற்கும் ஆண்டவரிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாழைப்பழத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

அன்றைக்கே மூத்தவளை உட்கார வைத்து, அர்த்தமே இல்லாத எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பாஸ்வேர்டைப் போட்டேன். ரகசிய எண் வருகிற பூட்டையும் போட்டேன். தினமும் தட்டுகிறேன், தொந்தரவாக இல்லை. கெட்ட கருவாடு போன வீடுகளுக்கெல்லாம் ரெஜினா அக்கா புதுசாக ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். தடைக்காலம் முடிவதற்குள் முன்னறை காலியாகிவிட்டது. வீட்டுக்காரர் இப்போது நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்சல் கட்டுகிறார். சிலர் திரும்பி வரவே இல்லை. அந்தத் திண்டுக்கல் பெண்ணின் நம்பர் என்னிடம் இல்லை. அவள் இன்னும் என்னைத் திருடி என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பாள். அவளைப் பேர் தெரியாமலே தினமும் ஜெபத்தில் நினைக்கிறேன். ஆர்டருக்கு நன்றி சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தவள், இப்போது என் பேருக்கு நன்றி சொல்லி ஜெபிக்கிறேன். அதன் விலை அப்போது எனக்குத் தெரியாது.

இந்தச் சாட்சியைச் சபைப் பத்திரிகைக்குக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்து, 'சபைச் சகோதரர்' என்பதை மட்டும் 'அறிமுகமில்லாத ஒருவர்' என்று மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். மற்றபடி சாட்சி ரொம்ப நன்றாக இருக்கிறதாம்.

மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டு, அவர்கள் கேட்டதையும் சேர்த்தே இப்போது எழுதியிருக்கிறேன். சகோதரிகளே, நம்மை அடித்தவர் யார் என்று சொல்லாமல், ஆண்டவர் நம்மை எதிலிருந்து தூக்கினார் என்று எப்படிச் சொல்வது? உங்களுக்கும் யாராவது அநியாயம் செய்திருந்தால், பொறுத்துப்போ என்று ஊரே சொன்னால், கோபம் தணியட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று என்னைப்போலப் பன்னிரண்டு நாளை வீணாக்காதீர்கள். கோபத்தோடேயே அவரிடம் போங்கள். அழகான வார்த்தை வேண்டாம். கத்துங்கள். நான் கத்தினேன். என்னை அவர் ஒரு வார்த்தை அதட்டவில்லை. சும்மா இரு என்றும் சொல்லவில்லை. கேட்டார்.